அந்த நாலு பேரையும் அனுப்பாதே

சாமி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோன பிள்ளை நலமாக இருக்க மாட்டான் என்று எனக்கே தெரியும். போனில் பேசிவிடலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். போனை வையுங்கள் என்பதைத்தான் நீ அப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாதா. அதனால் விளக்கேற்றிவிட்டு எழுத உட்கார்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்குப் பிறகு உன் பாடப் புத்தகங்களையும் கோயில் புத்தகங்களையும் படித்துத்தான் ஏதோ எழுதக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழித்துக்கொள், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு. படித்த பிறகு மடித்து ஒளித்து வைக்க வேண்டாம், உங்கள் ஆசிரியர் அறை மேசை மேல் போட்டு வை. உன்னைப் போலவே என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கிற மற்ற வாத்தியார்களும் டீச்சர்களும் படிக்கட்டும். நான் ஒரு தப்பைப் பத்துப் பேர் முன்னால் செய்தேன். அதைப் பத்துப் பேர் பார்க்கத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் வாங்கிக்கொண்டேனா என்று முதலில் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். நீ பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். காலாண்டுத் தேர்வில் உன் வகுப்பில் நாலு பிள்ளைகள் கணக்கில் தேறவில்லை. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் அந்த நாலு பேரும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும், வெளியிலிருந்து தனித்தேர்வர்களாக எழுதிக்கொள்ளட்டும், பள்ளிக்கூடத்தின் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கெடக்கூடாது என்று தாளாளர் சொல்லிவிட்டார். ஆனால் பள்ளிக்கூடம் அனுப்பியதாகவும் இருக்கக்கூடாது. பெற்றவர்களே வந்து, 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று கைப்பட எழுதித் தர வேண்டும். அவர்களுக்கு அப்படியெல்லாம் எழுத வராது என்பதால், ஒரு மாதிரிக் கடிதத்தை நீ எழுதி வைத்து, அதைப் பார்த்து எழுதச் சொல்ல வேண்டும். வருகிற திங்கட்கிழமை நாலு கடிதமும் தாளாளர் மேசைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் உன் வேலைக்கு உத்தரவாதமில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "நான் ராஜினாமாவையே எழுதிக் குடுத்துட்டு வந்தர்றேம்மா" என்றாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அடப் போ சாமி. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நடக்கறதுதான? அனுப்பறது நீயா? அவுங்க சொல்றாங்க, நீ எழுதற. எழுதிக் குடுத்துட்டுப் பொழப்பப் பாரு" என்றேன். லாரி பாடி கட்டுகிற பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்து குளித்துவிட்டு உட்கார்ந்த உங்கப்பா, "வாத்தியாருக்கே வாத்தியாரு தீர்ப்புச் சொல்லியாச்சு, இனி அப்பீல் கெடையாது" என்று சிரித்தார். நீ சிரிக்கவில்லை. "கவிதான்னு ஒரு பொண்ணும்மா. அவங்கம்மா புதுச்சத்திரத்துப் பக்கம் கோழிப்பண்ணையில வேல பாக்கறாங்க. காலாண்டு மார்க் குடுத்தன்னிக்கு, பரீட்சைப் பேப்பரெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் கொண்டாந்து காட்டுனாங்க. ஜூன்ல ஏழு, ஜூலைல பதினொண்ணு, இப்ப இருபத்தாறு. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, சிவப்பு மையில இருக்கற நம்பர மட்டும் பாத்து வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. ஏறிட்டுத்தானுங்க சார் இருக்குதுன்னு சொல்றாங்க" என்றாய். அதற்கும் நான் சும்மா இருந்தேனா? "பாஸ் முப்பத்தஞ்சு சாமி" என்றேன். அப்போதுதான் நீ எழுந்து கை கழுவினாய்.

உன் வேலையின் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. சித்திரை வெயிலில் ஆளுக்குப் பத்து அட்மிஷன் பிடித்து வரச் சொல்லி உங்களை வீடு வீடாக அனுப்பினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், நானும் சிரித்தேன். பி.எட். முடித்த பிள்ளை பள்ளிக்கூட விளம்பரக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பிறகுதான் தோன்றியது. கொரோனாக் காலத்தில் இரண்டு வகுப்பைச் செல்போனிலேயே கடந்து வந்த பிள்ளைகள், வகுத்தல் கணக்கே உருப்படியாகத் தெரியாமல் உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கையும் பத்தாம் வகுப்புக் கணக்கையும் ஒரே மணி நேரத்தில் நடத்த வேண்டியிருக்கிறது என்றாய். அதட்டினால் ஒரு புகார், அதட்டாவிட்டால் இன்னொரு புகார். வாட்ஸ்அப் குழுவில் ஒரு அப்பா, என் பையனுக்கு அரை மார்க் குறைத்துவிட்டீர்கள் என்று எழுதினால், கீழே பதினெட்டுப் பேர் கட்டைவிரலைக் காட்டுகிறார்கள். அந்தப் பதினெட்டுப் பேரையும் மனதுக்குள் எத்தனை திட்டியிருப்பேன் தெரியுமா. என்ன ஜனங்களோ, வாத்தியாரை மனுசனாகவே நினைக்க மாட்டார்களா என்று. நீ போன மறுநாள் காலையில் பூஜை அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த ஜனங்களில் முதல் ஆள் நான்தான் என்பது உறைத்தது. துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ பத்தாவது படித்த வருடம் உனக்குக் கணக்கு எடுத்த தேன்மொழி மிஸ்ஸை மறந்திருக்க மாட்டாய். எனக்கு எதையும் எழுதி வைக்கிற பழக்கம். உன் ஒவ்வொரு பரீட்சை மார்க்கையும் கட்டம் போட்ட நோட்டில் எழுதி வருவேன். கணக்குக்கு எதிரே ஜூனில் தொண்ணூற்றெட்டு, ஜூலையில் தொண்ணூற்றைந்து, ஆகஸ்டில் தொண்ணூறு, காலாண்டில் எண்பத்து நாலு. இறங்கிக்கொண்டே வந்தது. உன்னைக் கேட்டால், "மிஸ் புதுசு புதுசாக் கணக்குக் குடுக்கறாங்கம்மா, புக்குல இல்லாதது" என்றாய். நீ அதைச் சந்தோஷமாகச் சொன்னாய் என்பதை நான் கவனிக்கவில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அந்த நோட்டை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். முதல்வர் மேடையில் இருந்தார், டீச்சர்கள் ஓரமாக வரிசையில் நின்றார்கள், உட்கார்ந்திருந்த பெற்றவர்கள் நாற்பது பேராவது இருக்கும். எழுந்து நின்று நோட்டைப் பிரித்து, மாதத்தைச் சொல்லி மார்க்கைச் சொல்லி வாசித்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்டாவது படித்த ஒருத்தி எப்படிப் பேசுகிறாள் பார் என்று அவர்கள் நினைப்பதாக எனக்கு ஒரு பெருமை.

தேன்மொழி மிஸ் கோபப்படவில்லை. "பையன் இதுவரைக்கும் கணக்க மனப்பாடம் பண்ணிட்டு இருந்தானுங்க. இப்பத்தான் யோசிச்சுப் போட ஆரம்பிச்சிருக்கான். யோசிக்கறப்ப கொஞ்சம் எறங்கும், அப்பறம் தானா ஏறும். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அது எனக்கு அன்றைக்கே பாதி புரிந்தது. உன் புத்தகத்துக் கணக்குகளை நானும் போட்டுப் பார்த்தவள்தானே, வழி தெரிந்து போடுவதற்கும் விடை தெரிந்து போடுவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உட்காருவது எப்படி? "எங்கூட்டுப் பையன வெச்சு நீங்க டீச்சர் வேலை பழகாதீங்க மிஸ்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் கை தட்டினார். அந்தப் பெண்ணுக்கு உன் இப்போதைய வயதுகூட இருக்காது. தலையைக் குனிந்துகொண்டார். தீபாவளி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவர் இல்லை, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பிறகு வந்த சார் இருபத்தைந்து கணக்கைக் குறித்துக் கொடுத்து, இதை மட்டும் திரும்பத் திரும்பப் போடுங்கள் என்றார். நீயும் போட்டாய். பொதுத்தேர்வில் தொண்ணூற்றொன்பது. நான் நாமக்கல் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டு வந்து தெருவெல்லாம் வடை கொடுத்தேன். ஒரு பெண்ணின் வேலையைக் காலி செய்துவிட்டு அதற்குச் சாமிக்கு நன்றி சொன்னவள் நான். இன்றைக்கும் அந்தச் சந்நிதியில் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. "மிஸ் ஏம்மா சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க?" என்று நீ கேட்டாய். "கல்யாணம் ஆகிப் போயிட்டாங்களாமா" என்றேன். பொய், சாமி. நீ பி.எஸ்சி.க்குக் கணக்கு எடுத்தபோது, "எனக்குக் கணக்கு பிடிச்சதே அந்த நாலஞ்சு மாசத்துலதாம்மா, மிஸ் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா போய்ப் பாக்கலாம்" என்றாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு ஐந்தாறு வருடமாகவே தெரியும். கொரோனா கொஞ்சம் அடங்கிக் கடைகள் திறந்த சமயம், உங்கப்பாவும் நானும் சேலத்துக்கு ஜவுளி எடுக்கப் போனோம். சேலைப் பிரிவில் முகக்கவசத்தோடு நின்று ஒரு பெண் சேலைகளை விரித்துக் காட்டினார். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் கொரோனாவால் சம்பளம் நின்றுபோய் இங்கே வந்திருக்கிறார். "பையன் என்னங்க படிக்கறான்?" என்று கேட்டார். "கணக்குதான் மிஸ். பி.எட். சேர்ந்திருக்கான்" என்றேன். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது, அந்தக் கண் சிரித்தது. "வருவான்னு தெரியும்ங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை விரித்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்களே என்று சொல்லவில்லை. அவமானப்படுத்தும்போது நாற்பது பேர் இருந்தது எனக்குத் தடையாக இல்லை, மன்னிப்புக் கேட்பதற்கு நாலு பேர் தடையாக இருந்தார்கள். இப்போதும் அவர் அதே கடையில்தான் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். அடுத்த வாரம் போகிறேன். அந்தச் சேலைப் பிரிவில் எத்தனை பேர் நின்றாலும் சத்தமாகவே சொல்வேன். அதற்குப் பிறகு நீயும் போய்ப் பார். என் மேல் உனக்கு வருகிற கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இதைச் சொல்லி உன்னை அழ வைக்க வேண்டும் என்பதல்ல என் எண்ணம். ஒரு வாத்தியார் எப்படிக் காலியாகிறார் என்பதைக் காலி செய்தவளே உனக்குச் சொன்னால்தான் விளங்கும். முதல்வர் கெட்டவரில்லை. அந்த நாற்பது பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தி எழுந்து பேசினாள், மீதிப் பேர் சிரித்தார்கள், வரிசையில் நின்ற மற்ற டீச்சர்கள் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. அந்த வரிசையில் ஒரே ஒருவர், "அவங்க சொல்றது சரிதானுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார்ந்திருப்பேன். உள்ளுக்குள் பாதி சந்தேகத்தோடு கத்துகிறவர்களுக்கு ஒரு நிதானமான குரல் போதும். உன் தாளாளருக்கும் அந்தப் பாதி சந்தேகம் இருக்கும். இல்லையென்றால் எதற்குப் பெற்றவர்களின் கையெழுத்தையும் 'சொந்த விருப்பத்தையும்' தேடப் போகிறார்? சரியான காரியம் என்றால் தன் பெயரிலேயே செய்துவிட்டுப் போகலாமே.

அதனால் நான் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அந்த மாதிரிக் கடிதத்தை நீ எழுதாதே. ராஜினாமாவும் எழுதாதே. நீ வெளியே வந்தால் உன் நாற்காலியில் உட்காருகிறவர் அன்று மதியமே நாலு கடிதத்தையும் அழகாக எழுதி வாங்கிவிடுவார். உனக்கு மனம் சுத்தமாக இருக்கும், பிள்ளைகள் தெருவில் இருப்பார்கள். அதற்குப் பதிலாக வேறொரு கடிதம் எழுது. இந்த நாலு பேரையும் என் வகுப்பிலேயே வைத்துத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன், காலையில் ஒரு மணி நேரம் முன்னால் வருகிறேன், இவர்களின் தேர்ச்சிக்கு நான் பொறுப்பு என்று எழுதி, உன் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போடு. அதைக் கொடுக்கும்போது குரலை உயர்த்தாதே. உயர்த்தினால் பேச்சு உன் குரலைப் பற்றிப் போய்விடும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொள். வேலையை விட்டு அனுப்புவதானால் அவரே தன் கையால் எழுதி அனுப்பட்டும். அனுப்பிவிட்டால் வீட்டுக்கு வா, உங்கப்பாவுக்கும் எனக்கும் உன்னை வைத்துச் சோறு போடத் தெம்பு இருக்கிறது. இதை உங்கப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "அப்பீல் ஏத்துக்கிட்டாச்சுன்னு சொல்லு" என்றார்.

அந்த நாலு பேரும் தேறிவிடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பேர் தேறலாம், இரண்டு பேர் தேறாமல் போகலாம். தோற்றால் ஒரு பள்ளிக்கூடத்தின் பிள்ளைகளாக இருந்து தோற்கட்டும். ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு வருகிறது, எழுதித் தேறிக்கொள்வார்கள். பதினைந்து வயதில், நீ இங்கே இருந்தால் எங்களுக்கு அசிங்கம் என்று ஒருமுறை கேட்டுவிட்ட பிள்ளை, அந்த வயதிலேயே பரீட்சை அறைக்குள் தனியாளாகப் போய் உட்காருமா? உட்காராது. பண்ணைக்கோ மில்லுக்கோ போய்விடும். நீ அனுப்பப் போவது அங்கேதான், சாமி.

இன்னொன்றையும் செய்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததால் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை காலையில் நாமக்கல் போய், அங்கிருந்து புதுச்சத்திரம் போனேன். மூன்று பண்ணைகளில் விசாரித்து நாலாவது பண்ணையில் கவிதாவின் அம்மாவைக் கண்டுபிடித்தேன். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்வி என்று பெயர். கணக்கு சாரோட அம்மா என்றதும் பதறிப் போய், "சாருக்கு என்னாச்சுங்க?" என்றாள். "அவனுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, "இதுல உக்காருங்கக்கா" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து வரச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. திங்கக்கெழம வந்து ஒரு கடுதாசி எழுதிக் குடுக்கோணுமாமா. எனக்கு எழுதத் தெரியாதுங்கன்னேன். பரவால்ல, சார் எழுதி வெச்சிருப்பாரு, அதப் பாத்து உங்க பொண்ணே எழுதட்டும், நீங்க கைநாட்டு வெச்சாப் போதும்னாங்க."

அந்தப் பெண் தன்னைத் தானே வெளியே அனுப்பச் சொல்லித் தன் கையால் எழுத வேண்டும். இது உனக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. "என்ன கடுதாசின்னு கேக்கலையா?" என்றேன்.

"வேற ஆருனாச்சும் சொல்லியிருந்தா கேட்டிருப்பனுங்க. சார் எழுதி வெச்சிருக்காருன்னா அது என்ற பொண்ணு நல்லதுக்குத்தான இருக்கும்? ஏழு மார்க்குல இருந்தவளக் கையப் புடிச்சு ஏத்திட்டு வாராருங்க. அவரு எங்க காட்டறாரோ அங்க வெச்சுட்டு வந்தர்றேன்."

அது என்ன கடிதம் என்று நான் சொன்னேன். டி.சி. என்றால் என்ன என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே முட்டைகளை அடுக்கினாள். ஒரு அட்டை நிறைந்தது, இன்னொன்றை எடுத்தாள், அதில் ஒன்றும் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "சாரு அப்பிடி எழுதச் சொல்லுவாருங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்ல மாட்டான்" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஆபீஸுக்குப் போக மாட்டாள், நேராக உன் வகுப்பு வாசலுக்குத்தான் வருவாள், உன் வாயிலிருந்து கேட்பதற்கு.

உன் அம்மா